சான் பெட்ரோ: நிலத்தடியில் பிறக்கும் ஆறு

மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் கனனேயா நகருக்கு அருகே தோன்றும் சான் பெட்ரோ ஆறு, வடக்கு நோக்கிப் பாய்ந்து எல்லையைக் கடந்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹீலா ஆற்றுடன் கலக்கிறது. கோடை மழை அங்கே ஜூலையில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய மே, ஜூன் மாதங்களில், வாரக்கணக்கில் ஒரு துளியும் விழாத வெயிலிலும், இந்த ஆற்றின் சில பகுதிகளில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நீரைத் தேக்கி வைத்துத் திறந்துவிட அதன் தலைப்பகுதியில் பெரிய அணை ஏதும் இல்லை. ஆகவே, கோடையில் ஓடும் அந்த நீர் முழுவதும் நிலத்தடியிலிருந்து வருவது என்றே சொல்லலாம்.

பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் வாச்சூக்கா மலைகளில் பெய்யும் மழையும் பனியும் மலையடிவாரத்துச் சரளையிலும் மணலிலும் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத மெதுவான நகர்வில், சில இடங்களில் நூற்றாண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து, பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடமாகிய ஆற்றுப்படுகையை வந்தடைகின்றன. நிலத்தடி நீர்மட்டம் படுகையைவிட உயர்ந்திருக்கும் இடத்தில் ஆறு நீரைப் பெறுகிறது. தாழ்ந்திருக்கும் இடத்தில் தன் நீரை நிலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரே ஆறு சில கிலோமீட்டர் இடைவெளியில் பெறுவதும் இழப்பதுமாக மாறுவது பாலைநிலத்தில் இயல்பு. சார்ல்ஸ்டன் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊரின் அருகே கடினப் பாறை மேலெழுந்து நிலத்தடி ஓட்டத்தை மறிப்பதால், நீர் வேறு வழியின்றி மேலே வந்து ஆறாக ஓடுகிறது.

கரையோர மரங்களும் இதே நீரைத்தான் குடிக்கின்றன. காட்டன்வுட், வில்லோ மரங்களின் வேர்கள் சில மீட்டர் ஆழத்திலுள்ள நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு வாழ்கின்றன. சற்று மேட்டில் வளரும் மெஸ்கீட் மரம், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, இன்னும் ஆழத்திலிருந்து நீரை எடுக்கவல்லது. கோடையில் பகல் முழுவதும் இம்மரங்கள் நீரை உறிஞ்சுவதால் ஆற்றின் ஓட்டம் குறைந்து, இரவில் மீண்டும் சற்றுக் கூடுகிறது. இலையுதிர் காலத்தில் உறைபனி விழுந்து இலைகள் உதிர்ந்ததும், மழை பெய்யாமலேயே ஆற்றில் நீர் உயர்கிறது. ஆறும் நிலத்தடி நீரும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த உண்மையைச் சட்டம் ஏற்க மறுத்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அரிசோனாவில் ஆற்று நீருக்கு, முதலில் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. நிலத்தடி நீரோ, நிலத்தின் சொந்தக்காரர் நியாயமான அளவில் இறைத்துக்கொள்ளக்கூடியது. படுகையை ஒட்டி அடியில் ஓடும் நீரை மட்டும் ஆற்றைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1931இல் தீர்ப்பளித்தது; அந்த எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்ற வழக்காடல் பல தலைமுறைகளுக்கு நீண்டது. நீர் அப்படிப்பட்ட கோட்டை அறியாது. கிணற்றில் இறைக்கும் நீர், முதலில் நிலத்தடிச் சேமிப்பிலிருந்து வந்தாலும், காலப்போக்கில் ஆற்றுக்கோ மரங்களுக்கோ போய்ச் சேரவேண்டிய நீரைப் பறித்தே ஈடாகிறது என்பதைச் சார்ல்ஸ் தைஸ் என்ற அமெரிக்க நீரியலாளர் 1940இலேயே விளக்கிவிட்டார்.

அரிசோனாவில் இதே பள்ளத்தாக்கிலுள்ள சியரா விஸ்டா நகரமும் அதையொட்டிய இராணுவத் தளமும் ஊர்ப்புற வீடுகளின் தனிக் கிணறுகளும் ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே இறைப்பதால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டத்தில் ஏற்படும் கூம்பு வடிவப் பள்ளம் ஆண்டுதோறும் விரிந்து, பல பத்தாண்டுகள் கழித்தே ஆற்றை எட்டக்கூடும். இதில் அஞ்சத்தக்கது அந்தத் தாமதமே. ஆறு வற்றியதைக் கண்டு அன்றே எல்லாக் கிணறுகளையும் மூடினாலும், அந்தப் பள்ளம் நிரம்பும் வரை ஆற்றின் இழப்பு நிற்காது. சிறிது காலம் கூடவும் செய்யலாம். ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளமுள்ள கரையோரத்தை 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஆனால், வேலிக்கு வெளியே இறைக்கப்படும் நீரை அந்த வேலி எப்படித் தடுக்கும்? 2005 ஜூலையில், அதுவரை வற்றியதாகப் பதிவே இல்லாத சார்ல்ஸ்டன் அளவீட்டு நிலையத்தில் ஓட்டம் நின்றது. வறட்சி, மரங்களின் உறிஞ்சல், கிணறுகள் ஆகிய மூன்றுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஒன்றை மட்டும் குற்றவாளியாக்குவது சரியாகாது. எனினும், இவற்றுள் நம் கையில் இருப்பது இறைப்பு ஒன்றே.

அதனால்தான் சியரா விஸ்டாவில் சுத்திகரித்த கழிவுநீரைக் குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்கும் ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். நகரத்துக் கிணறுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே நீர்மட்டத்தை ஒரு மேடுபோல் உயர்த்தி, விரியும் பள்ளம் ஆற்றை எட்டாமல் காலம் தாழ்த்துவது அதன் நோக்கம். இறைத்த அளவையும் திரும்ப இறக்கிய அளவையும் கூட்டிக்கழித்து ஆண்டுக் கணக்கைச் சரிக்கட்டினால் போதும் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியாகவே வந்தாலும், தவறான இடத்தில் இறக்கிய நீர் ஆற்றை வந்தடையப் பல தலைமுறைகள் ஆகலாம். அதற்குள் கரையோர மரங்கள் பட்டுப்போய்விடும். ஆகவே, எவ்வளவு இறக்குகிறோம் என்பதற்கு முன்பாக, ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்த மண்ணில் இறக்குகிறோம் என்பதையே முதலில் கேட்கவேண்டும்.