கோல்ஃப் முழங்கை வலி: பெங்களூரு கிளினிக்கில் பட்ட பாடும், பலன் கொடுத்த ஸ்ட்ரெட்ச்சும்

கோல்ஃப் ஆடி முழங்கை வலிக்கிறது என்று பிஸியோ கிளினிக்குக்குப் போகிறீர்களா? வலி எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே விரலை வைத்துக் காட்டிவிடுங்கள். எனக்கு வலி இடது முழங்கையின் வெளிப்பக்கம். முன்மேசையில் இருந்தவர் "கோல்ஃபா சார்?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் கோல்ஃபர்ஸ் எல்போ, அதாவது உட்பக்க வலிக்கான பெயரை, எழுதிக்கொண்டார். உள்ளே இருந்தவர் கையை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைப் படித்து, முழங்கையின் உட்பக்கத்தில் கரண்ட் பேடை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அமர்வுக்கு அமர்வு பணம் கட்டியதுதான் மிச்சம், வலி அப்படியே இருந்தது.

வலது கைக்காரர்களுக்கு இந்த வலி இரண்டு விதமாக வரும். வலது முழங்கையின் உட்பக்கம் வலித்தால் மணிக்கட்டை மடக்கும் தசைநார் பழுது. இடது முழங்கையின் வெளிப்பக்கம் என்றால் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநார். வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இரண்டாவதும் சாதாரணமாக வருகிறது. வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். கையை நேராக நீட்டி, உள்ளங்கையைத் தரை நோக்கி வையுங்கள். மறுகையால் புறங்கையை அழுத்திக்கொண்டே மணிக்கட்டை மேலே தூக்குங்கள். வெளிப்பக்கம் சுரீர் என்றால் நிமிர்த்தும் தசைநார். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, அழுத்தத்துக்கு எதிராக மடக்கும்போது உட்பக்கம் வலித்தால் மற்றது.

ஸ்ட்ரெட்ச்சும் இதற்குத் தகுந்தபடி மாறும். வெளிப்பக்க வலிக்கு, கையை நீட்டி உள்ளங்கை கீழே இருக்க, மணிக்கட்டைக் கீழே மடக்கி, புறங்கையை மறுகையால் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். உட்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே இருக்க, விரல்களைக் கீழ்நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 30 வினாடி, மூன்று முறை. முழங்கை லேசாக மடங்கினாலும் இழுவை குறைந்துவிடும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. "வலிச்சாலும் இழுங்க, சரியாயிடும்" என்று டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இழுத்தால் மட்டும் தசைநார் தேறாது. இதை எனக்குச் சொன்னது இரண்டாவதாகப் போன இடத்து பிஸியோ. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கையில் 1 கிலோ டம்பெல்; இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில். மேலே தூக்குவதற்கு மறுகை உதவ வேண்டும், இறக்குவது மட்டும் வலிக்கிற கை. நாலு வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழே, உட்பக்க வலிக்கு மேலே. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

கம்பெனி இன்சூரன்ஸில் பணம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று: வெறும் பில்லைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை அமர்வு என்று டாக்டர் எழுதிய சீட்டை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது முதுகு. கோல்ஃபில் அதிகம் அடிபடுவது இதுதான். காலை ஆறு மணி டீ டைமுக்கு (ஆட்டம் தொடங்கும் நேரம்) சர்ஜாபூர் ரோட்டிலிருந்து காரில் உட்கார்ந்தே வந்து, பார்க்கிங்கில் இறங்கியதும் குனிந்து கால் விரலைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்பு டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முழுக்கக் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். "சார், குனியாதீங்க, மொதல்ல நடங்க" என்று ஒரு கேடி (ஆடுகிறவரின் பையைச் சுமந்து உதவுபவர்) அண்ணன் எல்லோரிடமும் சொல்லுவார். அவர் சொல்வதுதான் சரி.

முதல் பந்தை அடிக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கிளப்பை (பந்தடிக்கும் கோல்) ஊன்றிக்கொண்டு காலை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டில், பத்துப் பத்து முறை வீசுங்கள். அப்புறம் கிளப்பைத் தோளின் குறுக்கே வைத்து உடம்பைத் திருப்புவது. இதில் திரும்ப வேண்டியது மேல்முதுகும் இடுப்பு மூட்டும். கீழ்முதுகு எலும்புகள் ஐந்தும் சேர்ந்தே சில டிகிரிதான் திரும்பும். இடது இடுப்பு மூட்டு இறுகியிருந்தால் அந்தச் சுமை முழுக்கக் கீழ்முதுகின் தலையில் விழும். கடைசியில் குட்டையான கிளப்பான வெட்ஜில் அரை வீச்சு, பிறகு நடுத்தரமான 7 அயர்ன், அதற்கப்புறமே நீளமான டிரைவர்.

நிறுத்திப் பிடிக்கிற ஸ்ட்ரெட்ச்செல்லாம் ஆடி முடித்த பிறகுதான். ஆடுமுன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் வேகம் தற்காலிகமாகக் குறையும். முடித்ததும் ஒரு முழங்காலை ஊன்றி, இடுப்பை முன்னே தள்ளித் தொடையின் முன்பக்கத்தை 30 வினாடி இழுங்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்காரும் ஐடிக்காரர்கள் இதை விடவே கூடாது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணுக்காலை மறுதொடைமேல் போட்டு, முதுகை வளைக்காமல் முன்னால் சாயுங்கள்.

ரேஞ்சில் மேட் என்ற செயற்கைப் புல் விரிப்பின் மேல் அடிக்கும்போது, கிளப் பந்தைத் தொடுமுன் விரிப்பில் பட்டால் நிஜப் புல்தரையைப் போல அது விட்டுக்கொடுக்காது, அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறும். வலி ஆறும்வரை மேட் வேண்டாம். தரையில் ஓங்கி அடித்த பிறகு இடது உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா? அதை ஸ்ட்ரெட்ச் செய்து பார்க்காதீர்கள். அங்கே ஹேமேட் என்ற சிறு எலும்பின் கொக்கி முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதுண்டு, சிடி ஸ்கேன் வேண்டுமா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள்.