ஃப்ரீ பிஎஸ்ஏ டியூபும் சத்தி பஸ்ஸும்

கோபியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்தியூர், சத்தி பக்கத்து கலெக்‌ஷன் சென்டர்களில் எடுக்கும் ரத்தம் எங்களுக்கு பஸ்ஸில்தான் வரும். மற்ற டெஸ்ட் என்றால் ஓரளவு பொறுத்துக்கொள்வேன். சீட்டில் ஃப்ரீ பிஎஸ்ஏ என்று, அதாவது ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் வந்தால் பார்க்கும் டெஸ்ட், இருந்தால் மட்டும், சீரம் என்கிற தெளிந்த நீரை ரத்தத்திலிருந்து பிரித்திருக்கிறதா, ஐஸ் பேக் கூட வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் டியூபை வாங்குவேன்.

பிஎஸ்ஏ என்பது புரதத்தை வெட்டும் என்சைம், அதாவது புரோட்டியேஸ். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி இதைச் சுரப்பது விந்துக்காக. வெளிவந்ததும் கெட்டியாக இருக்கும் விந்தில், செமினோஜெலின் என்ற புரதத்தை வெட்டி இளக்குவது இதன் வேலை. சுரப்பிக்குள்ளேயே வெட்ட ஆரம்பித்துவிடாமல் அங்கே நிறைய இருக்கும் துத்தநாகம் அடக்கி வைக்கிறது. அதுவே ரத்தத்தில் கசிந்துவிட்டால்? ஆல்ஃபா-1 ஆன்டிகைமோட்ரிப்சின் என்ற தடுப்பான் வந்து ஒட்டிக்கொள்ளும். பிணையல் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுகிற மாதிரிதான்.

இந்தத் தடுப்பானை அதிகம் செய்வது ஈரல். ஆனால் புரோஸ்டேட் செல்களும் தாங்களே செய்கின்றன என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1990களில் ஸ்வீடனில் திசுக்களை ஆராய்ந்தபோது, பிஎஸ்ஏ சுரக்கும் புற்றுநோய்ச் செல்களில் இது பரவலாகவும், வயதானால் வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கத்தில் அபூர்வமாகவும் தெரிந்தது. அதற்கு முன்பே, 1991இல், புற்றுநோய்க்காரர்களின் ரத்தத்தில் தடுப்பானோடு ஒட்டிய பிஎஸ்ஏதான் அதிகம் என்று பின்லாந்தின் ஸ்டென்மன் குழு காட்டியிருந்தது. ஒட்டாமல் திரிவதுதான் ஃப்ரீ.

மொத்த பிஎஸ்ஏ 4க்கும் 10க்கும் நடுவில் நின்றால் டாக்டர்கள் ஃப்ரீ பங்கைப் பார்ப்பார்கள். 25 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பயாப்ஸி, அதாவது திசு எடுத்துப் பார்க்கும் பேச்சு வந்துவிடும். வில்லங்கம் என்னவென்றால், பிரிக்காத ரத்தம் வெயிலில் கிடந்தால் ஃப்ரீதான் முதலில் கெடும், ஒட்டியது ஓரளவு தாங்கும். பங்கு தானாகக் குறைந்து, இல்லாத பயத்தைக் கிளப்பும்.

போன சித்திரையில் ஒரு மஞ்சள் விவசாயியின் டியூப் அப்படித்தான் மத்தியான பஸ்ஸில் வந்தது. இதில் டெஸ்ட் ஓட்டமாட்டேன் என்றுவிட்டேன். அனுப்பிய சென்டர்காரருக்குக் கோபம், இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லையாம். அந்தப் பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார்.

“ஏனுங் அம்மிணி, எடுத்த ரத்தம் பத்துலீங்களா?”

“பத்துச்சுங்கய்யா, வெயில்ல கெட்டுப் போச்சுங்க.”

மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினார். ரிசல்ட் அவருக்கும் டாக்டருக்கும் உள்ளது, இங்கே வேண்டாம்.

இந்த டெஸ்ட்டுக்கு வருகிறவர்கள் முந்தின 2 நாள் சைக்கிள் ஓட்டக்கூடாது, மனைவியோடு சேரவும் கூடாது. இரண்டுமே பிஎஸ்ஏவை ஏற்றிக் காட்டலாம். சைக்கிளைச் சத்தமாகவே சொல்லிவிடுவேன். இன்னொன்றை, மருமகள் பக்கத்தில் நிற்க, 70 வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அதற்கென்றே துண்டுச் சீட்டு அடித்து மேஜையில் வைத்திருக்கிறேன். கண்ணாடி கொண்டுவராதவர்கள் அதையும் மருமகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள்.