படுக்கைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

மனநோயோடு தெருவில் வாழ நேர்ந்தவர்களுக்கு வீடு அமைத்துத் தரும் திட்டங்களை வகுப்பது என் பணி. இதற்கான கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "எத்தனை படுக்கைகள்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தொடங்கும் திட்டம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், கடைசியில் இன்னொரு விடுதியாகவே முடிகிறது என்பதை நான் தொடர்ந்து கண்டுவருகிறேன்.

குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 19ஆவது பிரிவில் சொல்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டதை மறக்க முடியாத எனக்கு, இந்த வரி மிகப் பெரியது. சமூகத்துக்குள் வாழ்வதற்கான இல்லங்களுக்கு வழிசெய்யும் கடமையை அதே பிரிவு அரசின்மீது வைத்திருக்கிறது. ஆனால் அந்த இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் திட்டம் எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கில் 1992இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முயற்சி, சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனையை நீக்கி, முதலில் வீட்டைக் கொடுத்தது. அங்கே ஒருவருக்கு ஒரு தனிக் குடியிருப்பு. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தி பான்யன் அமைப்பு 2015இல் முன்னெடுத்த 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். நம் ஊருக்கு இரண்டாவது வடிவமே பொருந்தும் என்பது என் கருத்து. வாடகை பகிரப்படுகிறது என்பதைவிட, பல ஆண்டுகள் பேச்சுத்துணையின்றிக் கழித்தவருக்குத் தனி வீடு இன்னொரு தனிமையாகிவிடக் கூடும் என்பதே நான் சொல்லும் காரணம்.

அப்படியானால் யாரோடு யார் வாழ்வது என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. நோயின் பெயரையும் வயதையும் வைத்துப் பட்டியல் பிரிப்பது எளிது. நாங்கள் அதைச் செய்வதில்லை. காப்பகத்தில் யார் யாருக்குத் தலைவாரி விடுகிறார், யார் தன் வெற்றிலையில் பாதியை யாருக்குக் கொடுக்கிறார் என்பதையெல்லாம் கவனித்து, பிறகு அவர்களிடமே கேட்கிறோம். ஒரு பெண்மணி, தன்னோடு வரவேண்டிய இருவரை உடனே சொல்லிவிட்டு, "அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும்மா? கருவாடு வறுத்தா பக்கத்து வீட்ல சண்டைக்கு வருவாங்களா?" என்று கேட்டார். வீடு பார்க்கப் போகும்போது சமையலறைச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று அன்றுமுதல் தவறாமல் பார்க்கிறேன். தரைத்தளம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை வழக்கமான தேவைகள்.

வீட்டு உரிமையாளரிடம் குடிவருபவர்கள் யார் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பலர் கதவைச் சாத்துகிறார்கள். ஆனால் தெரிந்தே சாவியைத் தந்தவர், பின்னர் தெருவில் முணுமுணுப்பு எழும்போது நம் பக்கம் நிற்கிறார்.

செலவைக் குறைக்கச் சொன்னால் எல்லோருடைய கையும் முதலில் உடன் தங்கும் பணியாளரின் சம்பளத்துக்கும் விடுப்புக்கும்தான் போகிறது. இரவு இரண்டு மணிக்கு உறக்கமின்றி எழுந்து நடப்பவரோடு பேச்சுக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஓய்வில்லாத அந்தப் பணியாளர் சோர்ந்துபோனால் வீடும் வார்டாகிவிடும் என்பதால், அந்தச் செலவில் கைவைக்க நான் சம்மதிப்பதில்லை.

எனக்குத் தீராத கவலை காலக்கணக்குதான். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு, நன்கொடையோ சில ஆண்டுகளுக்கு. குடிவருபவர் ஐம்பது வயதில் இருபத்தைந்து ஆண்டு வாழ்வை எதிர்நோக்கி வருகிறார். ஆகவே இப்போது எழுதிவரும் திட்டத்தில் வாடகையை நன்கொடைக் கணக்கிலிருந்து பிரித்து, முதியோர் ஓய்வூதியத்தைப் போல அதையும் அரசின் நிரந்தரச் செலவாக ஏற்கும்படி கேட்டிருக்கிறோம்.