நட்சத்திரக் குறியிட்ட ஐந்து கட்டங்கள்

17 ஜனவரி 2025, புதுச்சேரி

காணும் பொங்கல் முடிந்த கையோடு நேற்றிரவு என் கணவர் விமானம் ஏறினார். பதிவுத் திருமணம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்றுதான் தேறுகிறது. அவரிடம் போய்ச் சேர விசா எடுக்கும் வேலை இனி என் தலையில். நடப்பதை அன்றன்றே எழுதிவைத்தால், பின்னால் வருகிறவர்களுக்கு உதவாவிட்டாலும் எனக்கு எந்தத் தாள் எங்கே போயிற்று என்பதாவது நினைவிருக்கும்.

அவர் இந்த ஊரில் பிறந்தவர், ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா'. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் போட்ட கையெழுத்து மூன்று தலைமுறை தாண்டி இன்று என் விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது.

என் கணவர் இப்போது வேலை பார்ப்பது பிரான்சில் அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டில். கோப்பு முடியும் முன்பே அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரே விசாவில் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் அது இருக்கிறது என்பது மட்டும் இங்கே போதும்.

29 ஜனவரி

பத்து நாட்களாக இரவில் சட்டம் படிக்கிறேன். படித்ததில் என்னை வியக்க வைத்தது ஒன்றுதான். அவர் பாரிசில் வேலை பார்த்துக்கொண்டு என்னை அங்கே அழைத்திருந்தால், நான் பிரெஞ்சு நாட்டுச் சட்டத்தின்கீழ் நீண்டகாலத் தங்கலுக்கான விசா கேட்டிருப்பேன். அவர் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டில் இருப்பதால், அந்த நாட்டின் குடியேற்றச் சட்டமும் பிரெஞ்சுச் சட்டமும் ஒதுங்கிக்கொள்ள, 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் ஐரோப்பிய வழிகாட்டு ஆணை எனக்குப் பொருந்துகிறது. அயலூர்க்காரனுக்கு உள்ளூர்க்காரனைவிட அதிக உரிமை என்பது நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறாக இருந்தாலும், ஒன்றியத்துக்குள் மக்கள் தடையின்றி இடம்பெயர வேண்டுமானால் குடும்பமும் கூடவே போக முடிய வேண்டும் என்ற எளிய காரணம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த ஆணையின் 5ஆம் பிரிவு, குடும்ப உறுப்பினருக்கான நுழைவு விசாவைக் கட்டணமின்றி, இயன்ற அளவு விரைவாக, துரித நடைமுறையில் வழங்க வேண்டும் என்கிறது. உள்ளே போன பிறகு, மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கு வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்பதால், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தக் கேள்வி வேலையில்லாமல் தங்குபவர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது.

கணவனோ மனைவியோ ஏற்கெனவே வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வசித்திருந்தால்தான் இந்த உரிமை என்று அயர்லாந்து ஒரு காலத்தில் நிபந்தனை வைத்திருந்தது. 2008 ஜூலை 25 அன்று மெட்டாக் வழக்கில், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால், புதுச்சேரியை விட்டு நகராத எனக்கு இந்தக் கதவே இருந்திருக்காது. இன்னொரு பழைய வழக்கில் ஓர் இந்தியர் வருகிறார்: 1992இல் முடிந்த சுரீந்தர் சிங் வழக்கு. பிரிட்டன்காரரான மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுப் பிரிட்டன் திரும்பியவர் அவர். அப்படித் திரும்பும்போதும் ஒன்றியச் சட்டத்தின் உரிமை கணவனுக்குத் தொடர்ந்து வரும் என்று தீர்ப்பாயிற்று. நாங்கள் என்றாவது பிரான்சுக்குக் குடிபோனால் அது எங்களுக்கு உதவும்.

6 பிப்ரவரி

தாள்களைவிட என் பெயர்தான் அதிகத் தொல்லை தருகிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. என் ஒற்றைப் பெயர் மட்டும் கீழே இருக்கிறது. திருமணச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் எங்கள் திருமணத்தைத் தன் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்த 'லிவ்ரே த ஃபமீய்' என்னும் குடும்பப் புத்தகத்திலோ, அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினேன். அதைப் படித்துப் பார்த்த அம்மா, "பேர் வெச்ச நான் உயிரோட இருக்கேன், என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார்.

திருமணச் சான்றிதழுக்கு மாநில அளவில் சான்றொப்பம் பெற்று, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் ஏற்கப்படும் சான்று முத்திரை, வாங்கியாயிற்று. 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், ஒவ்வொரு தூதரகத்திலும் தனித்தனியாக முத்திரை வாங்கும் பழைய அலைச்சல் கிடையாது. அமைச்சகத்தின் கட்டணம் தாளுக்கு ஐம்பது ரூபாய்தான். நடுவில் நின்றவர் வாங்கியதை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

உண்மையில் பிரெஞ்சுத் திருமணப் பதிவின் நகலே போதுமானது. ஓர் உறுப்பு நாட்டின் அரசு வழங்கிய திருமணப் பதிவை இன்னோர் உறுப்பு நாட்டில் காட்டும்போது அப்போஸ்டில் கேட்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 1191ஆம் எண் ஒழுங்குமுறை சொல்கிறது. அது 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இருந்தாலும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே என்ற பயத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

16 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படிவத்தோடு கழிந்தது. ஷெங்கன் விசாப் படிவம் எல்லோருக்கும் ஒன்றேதான் என்றாலும், 21, 22, 30, 31, 32 ஆகிய ஐந்து கட்டங்களின் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. ஒன்றியக் குடிமக்களின் குடும்ப உறுப்பினர்கள் அவற்றை நிரப்ப வேண்டியதில்லை என்று படிவத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என்ன வேலை, யாரிடம் வேலை, யார் அழைக்கிறார்கள், எந்த நிறுவனம் அழைக்கிறது, செலவு யாருடையது என்பவைதான் அந்த ஐந்தும். எனக்குரியவை 17உம் 18உம்: குடிமகனான உறவினரின் விவரம், அவர் எனக்கு என்ன உறவு என்பது. பதினெட்டில் 'கணவன் அல்லது மனைவி' என்ற சதுரத்துக்குள் குறி போட்டபோது கை கொஞ்சம் நடுங்கியது.

காலியாக விட்ட அந்த ஐந்து கட்டங்களைப் பார்க்கும்போது, தேர்வுத்தாளில் பதில் தெரியாமல் விட்டதுபோல் மனம் உறுத்துகிறது. ஏதாவது எழுதித் தொலைக்கலாமா என்று இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்தேன்.

24 பிப்ரவரி, சென்னை

தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் மையத்தில் இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பத்தரை மணி முன்பதிவுக்கு, விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி வந்தேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது, அவ்வளவுதான். அது சுற்றுலாப் பயணியின் பட்டியல். பயணக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, திரும்பிவரும் டிக்கெட், ஆறு மாத வங்கிக் கணக்கு, நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், இவற்றோடு 90 யூரோ கட்டணமும் சேவைக் கட்டணமும் வேண்டும் என்றார். நான் கணவரின் கடவுச்சீட்டு நகலையும் குடும்பப் புத்தகத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் நீட்டினேன். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், அஞ்சு காலம் ஃபில் பண்ணாம விட்டிருக்கீங்க" என்றார். நட்சத்திரத்தைக் காட்டினேன். குனிந்து படித்தார்; நிஜமாகவே முதல் முறை படிக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, "சிஸ்டத்துல அந்த கேட்டகரி வரல மேடம்" என்றார்.

மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், கேட்டதைக் கட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று அக்கறையோடு சொன்னார். ஒருவேளை அவர் சொன்னதே சரியாக இருக்கலாம். ஆனால் சுற்றுலா விசாவாகக் கேட்டால் சுற்றுலாப் பயணியாகவே எடைபோடுவார்கள். திரும்பி வருவேன் என்று நான் நிரூபிக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவள் அதை எப்படி நிரூபிப்பது? விண்ணப்பத்தைக் கொடுக்காமலே பேருந்து ஏறிவிட்டேன்.

26 பிப்ரவரி

அவர் வேலை பார்க்கும் நாட்டின் தூதரகத்துக்கே நேரடியாக ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். இத்தகைய குடும்ப உறுப்பினர்களைத் தனியார் மையம் வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என ஐரோப்பிய ஆணையத்தின் விசாக் கையேடு சொல்வதைச் சுட்டிக்காட்டி, நேரில் விண்ணப்பம் கொடுக்க ஒரு தேதி கேட்டேன். முதல் வரைவில் கோபம் தெரிந்ததாகக் கணவர் தொலைபேசியில் சொன்னதால், இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். பதில் வராவிட்டால், ஒன்றியத்தின் சட்டத்தை ஓர் அரசு அலுவலகமே தவறாகக் கையாளும்போது கட்டணமின்றித் தலையிடும் 'சால்விட்' என்ற அமைப்பிடம் அவர் முறையிடுவதாக ஏற்பாடு. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் கெடு பத்து வாரம்.

12 மார்ச்

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, அந்தக் கூட்டத்தின் நடுவில் கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி: 18ஆம் தேதி காலை ஒன்பதே காலுக்கு மூலப் பத்திரங்களோடு வரவும். மாமனார் அந்த இரண்டு வரியையும் மூன்று முறை படிக்கச் சொன்னார். சால்விட்டுக்கு எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை.

18 மார்ச், சென்னை

இருபது நிமிடம். கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, அவருடைய குடியுரிமைக்குச் சான்று, நான் அவரோடு சேர்ந்து வாழப் போகிறேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். வேலை ஒப்பந்தத்தைக் கேட்காமலே கொடுத்தேன். எப்படி அறிமுகம் என்று ஒரு கேள்வி. போலித் திருமணமா என்று பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதால் அதைத் தவறாக நினைக்கவில்லை. விரல்ரேகை எடுத்தார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை. ஐந்து கட்டங்களையும் அந்த அதிகாரியே பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு மூடினார்.

27 மார்ச்

ஒன்பதாம் நாள் கடவுச்சீட்டு வந்துவிட்டது. 90 நாள் விசா. பெயர் இருக்கும் இடத்தில் என் ஒற்றைப் பெயர், தனியாக.

15 ஏப்ரல்

நேற்றுப் புத்தாண்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டு விமான நிலையம் போனேன். திரும்பும் டிக்கெட் எங்கே என்று விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். மேற்பார்வையாளர் வந்து, குடும்பப் புத்தகத்தையும் கணவரின் கடவுச்சீட்டு நகலையும் பார்த்தபின் விட்டார்கள். இறங்கிய இடத்தில் எல்லைக் காவலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கணவர் வெளியே காத்திருக்கிறாரா?" காத்திருந்தார்.

29 ஏப்ரல்

வதிவிட அட்டைக்கு இன்று விண்ணப்பித்தோம். என் கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, அவர் இங்கே வசிக்கிறார் என்பதற்கான பதிவுச் சான்று, அவ்வளவுதான் கேட்டார்கள். விண்ணப்பம் பெற்றதற்கான சான்றை அப்போதே அச்சிட்டுக் கொடுத்தார்கள். விசாவின் 90 நாள் முடியும்போது அட்டை வந்திருக்காவிட்டாலும் என் உரிமை முடிந்துவிடாது. அட்டை அதைக் காட்டும் தாள் மட்டுமே. குடும்பப் பெயர் இல்லாமல் கணினி நகரவில்லை என்று கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நெடுநேரம் தவித்து, கடைசியில் என் பெயரையே இரண்டு கட்டங்களிலும் அடித்தார்.

அட்டை தயாரானதும் கடிதம் வருமாம். அஞ்சல்பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவாராம். மாலையில் வந்ததும் அவருடைய குடும்பப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி ஒட்டினேன். ஒரு முறைதான் எழுதினேன்.