தரையில் விரித்த தேசப்படம்

ஊரில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ரீச்சர் காலமான செய்தி வந்ததும் நினைவுமலர்க் குழுவினர் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பின் புவியியல் பாடவேளை எப்படி ஆரம்பிக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் படிப்பித்த முறையைத்தான் எழுதிவைக்க விரும்புகிறேன்; சிறுபிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கும் எவருக்கும் அது இன்றைக்கும் உதவும்.

உலகப்படத்தை அவர் முதலில் தொடமாட்டார். தீப்பெட்டியைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறச் சொல்வார். பெட்டியை எடுத்தால் மிஞ்சுவது மேலிருந்து பார்த்த உருவம். ஏழெட்டு வயதுப் பிள்ளை மேசையைக் கீறினால் நாலு காலையும் சேர்த்தே கீறும். பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கால்கள் மறையும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். மிகச் சரியான பிடிவாதம்.

பிறகு வகுப்பறை. 8 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால், ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் வீதம் தாளில் 16க்கு 12. முதலில் காலடியால் அளக்கவிடுவார். ஆளுக்கொரு கணக்கு வரும், சச்சரவு கிளம்பும். மீற்றர்க்கோலை அப்போதுதான் வெளியே எடுப்பார். எல்லோருக்கும் பொதுவான அளவு எதற்கு என்பது அந்தச் சச்சரவிலேயே விளங்கிவிடும்.

கீறிய படத்தைச் சுவரில் மாட்டவிடமாட்டார். தரையில் விரித்து, படத்தின் கதவு அறையின் கதவுப் பக்கம் வரும்படி திருப்பவேண்டும். தொங்கும் படத்தையே பார்த்து வளரும் பிள்ளை வடக்கு என்றால் மேலே என்று எடுத்துக்கொள்ளும்; ஆறுகளெல்லாம் தெற்கே இறங்குவதாக நம்பும். நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது என்றால் திகைக்கும்.

வடக்கைத் தேடுவது முற்றத்தில். ஒரு மீற்றர் தடியை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் மற்றதெல்லாம் பிழைத்துவிடும். காலை 10 மணியளவில் நிழல்நுனியில் ஒரு முளை. தடியின் அடியிலிருந்து முளைவரை கயிறு பிடித்து ஒரு வட்டம். நிழல் சுருங்கிப் பிறகு நீண்டு, நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது முளை. முதலாவது மேற்கு, மற்றது கிழக்கு. இரண்டு முளைகளையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே செங்கோணத்தில் கீறினால் வடக்கும் தெற்கும். திசையறிகருவியால் சரிபார்க்கலாம், ஆனால் இரும்புக்குக் கிட்ட வைத்தால் முள் விலகும்.

ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோட்டை விளக்கத் தட்டில் ஒரு களிமண் மலை. சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகத் தண்ணீர் ஊற்றி, நீர்விளிம்பில் பென்சில் நுனியால் கீறவேண்டும். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கே விழும். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தெற்கே. ஊரில் நம் பள்ளி முற்றத்தில் சில மாதம் வடக்கே, சில மாதம் தெற்கே; வருடத்தில் இரண்டு முறை தடியின் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். சூரியனின் போக்குவரவை அங்கே ஒரு தடியே காட்டியது. புலம்பெயர்ந்து வந்த இங்குள்ள பிள்ளைகளுக்குப் பூகோள உருண்டையையும் மின்விளக்கையும் வைத்துத்தான் விளக்கவேண்டியிருக்கிறது. 23.5 பாகை சாய்ந்த அச்சு, விளக்கைச் சுற்றி உருண்டையைக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரே சுவர்ப்பக்கமே சாய்ந்திருக்கவேண்டும். சுற்றும்போது அதையும் திருப்பிவிடுவதால்தான் பருவகாலப் பாடம் குழம்புகிறது. இதை எப்படிச் சுலபமாக்கலாம் என்று ரீச்சரிடம் எழுதிக் கேட்டிருக்கலாம். புறப்பட்டு வந்த பிறகு கேட்காமலே இருந்துவிட்டேன்.