அமெரிக்காவின் கொலராடோவில் நீதிபதிக்கு ஓட்டுப் போடும் முன்

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. கட்சிக்காரர்கள் நிற்கும் பதவிகளுக்கெல்லாம் மளமளவென்று குறித்துவிட்டேன். வம்பு பின்பக்கத்தில் இருந்தது: இந்த நீதிபதி பதவியில் தொடரலாமா, ஆமா இல்லையா என்று வரிசையாகப் பெயர்கள். எதிர்த்து நிற்பவர் கிடையாது, கட்சிப் பெயரும் கிடையாது. 1966இல் கொலராடோ கட்சித் தேர்தலைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது. ஆளுநர் நியமிப்பார், மாவட்ட நீதிபதியை 6 ஆண்டுக்கு ஒருமுறை, கவுண்டி நீதிபதியை 4 ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாம் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் 'ஆம்' போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார் நண்பர். மனசு கேட்கவில்லை.

தேர்தலுக்கு முன் வாக்காளர்களின் வீட்டுக்கு வரும் 'நீலப் புத்தகம்' என்ற தகவல் கையேட்டின் கடைசியில், நீதிபதிகளை மதிப்பிடும் மாவட்ட ஆணையத்தின் அறிக்கைகள் இருக்கும். ஆணையத்தில் 10 பேர். 4 பேர்தான் வழக்கறிஞர்கள், மற்றவர்கள் நம்மைப் போன்றவர்கள். நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள், தீர்ப்புகளைப் படிக்கிறார்கள், நீதிபதியையே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். எல்லாம் சரி, முடிவு மட்டும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான்: 'தகுதி உண்டு'. இதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். விசாரணை பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு அது தெரிந்தமாதிரி இல்லை.

"கேஸ் நம்பர்?"

"எனக்குக் கேஸ் எதுவும் இல்லை. நீதிபதியைப் பார்க்க வந்தேன்."

"அவரை அப்படியெல்லாம் பார்க்க முடியாது."

அவரை இல்லைங்க, அவர் வழக்கு நடத்துவதை என்று விளக்கியும் பலனில்லை. நானே மாடியேறி அறையைத் தேடிக் கண்டுபிடித்தால் கதவு பூட்டியிருந்தது. இரு தரப்பும் காலையிலேயே சமரசமாகிவிட்டார்களாம். லீவு போனதுதான் மிச்சம்.

அதனால் சொல்கிறேன், பெரிய சிவில் வழக்கை நம்பிப் போகாதீர்கள்; கடைசி நிமிடத்தில் கலைந்துவிடும். குற்ற வழக்குகள் வரிசையாக வரும் காலை நேரம்தான் உருப்படியானது. நீதித்துறை இணையதளத்தில் அன்றைய பட்டியல் கிடைக்கும். குற்ற வழக்கு விசாரணைகளை வெப்எக்ஸ் என்ற வீடியோ செயலியிலும் ஒளிபரப்புகிறார்கள், கவுன்ட்டர் பக்கமே போக வேண்டாம். பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள், அனுமதி கிடையாது.

அப்புறம் அப்படித்தான் பார்த்தேன். நீதிபதி வெகுநேரம் தாமதமாக வந்தார், ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த ஓர் இளைஞன், நீதிபதி "புரிகிறதா?" என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நீதிபதி தாளைக் கீழே வைத்துவிட்டு, "தலையாட்டினால் போதாது, எந்தெந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறாய் என்று உன் வார்த்தையில் சொல்" என்றார். அவன் திணறினான். வக்கீலோடு பேசிவிட்டு வா என்று அடுத்த வழக்கை எடுத்தார். அறிக்கையில் இதெல்லாம் வராது.

அவருக்கு 'ஆம்' போட்டேன். மற்றவர்களுக்கு இணையத்தில் இருக்கும் முழு அறிக்கைதான் கைகொடுத்தது. அதில் கருத்துக்கணிப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை வக்கீல்கள் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் அந்த மதிப்பெண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் தேர்தல் நெருங்கிவிட்டது. தபால் முத்திரைத் தேதி இங்கே செல்லாது. தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் சீட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் வாக்குப் பெட்டியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். உறையில் கையெழுத்துப் போட மறந்துவிடாதீர்கள்.