7.25 டி.எம்.சி., 88 பிபிஎம்

ராப் ஆல்பம் செய்யலாம் என்று நானும் சித்தி பையனும் உட்கார்ந்தபோது கையில் இருந்தது ஒரு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், அவன் லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள். அப்புறம், எதையெல்லாம் பாடக்கூடாது என்று ஒரு நீளப் பட்டியல். காரு கிடையாது, கூலிங்கிளாஸ் கிடையாது, விட்டுட்டுப் போன பொண்ணைத் திட்டுவது கிடையாது, "நான் யாரு தெரியுமா" கிடையாது. பட்டியல் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாது.

இதற்கு மாற்று என்று நம்மிடம் புழங்குவதில் பாதி அறிவுரை. குடிக்காதே, படி, சாதி பார்க்காதே, தண்ணீரைச் சேமி. இவற்றில் எதுவும் தவறில்லை. கேட்கத்தான் முடியவில்லை. பீத்தல் ராப்பில் "நான் பெரிய ஆள்". அறிவுரை ராப்பில் "நான் நல்ல ஆள்". இரண்டிலும் நடுவில் நிற்பது பாடுகிறவர்தான். அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேச வேண்டும், கேட்கிறவர் அதை ஒட்டுக்கேட்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பேசும் வரி வந்தால் அடித்துவிடுவது. ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. எட்டுக்கும் இதே விதி.

கொண்டாட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிப்-ஹாப் பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த பார்ட்டி. இசைத்தட்டு ஓட்டியவர் டிஜே கூல் ஹெர்க். ஆனால் பார்ட்டியை நடத்தியது அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும் என்று டிக்கெட் போட்டாள், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு அது. ஒரு கலையே ஸ்கூல் துணிச் செலவில் தொடங்கியிருக்கும்போது, நாம் எதற்கு மேடையேறி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீஸ்களில் மலையாளம். பொள்ளாச்சி சந்தைக்குப் போனால் கேரளாக்காரங்க, பாலக்காடு டவுனுக்குப் போனால் தமிழங்க. இதை வைத்து ஒரு சோகப் பாட்டு எழுதச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். எழுதவில்லை. எங்களுக்கு அதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

அந்தச் சொந்தத்திலிருந்துதான் முதல் பாட்டு வந்தது. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல், ஆனால் 1958-லிருந்தே அமல் என்று கணக்கு. அதன்படி ஜூலை 1 தொடங்கி மறு ஜூன் 30 வரை மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர வேண்டும். வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் மூலத்தரை ரெகுலேட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இந்த எண் மனப்பாடம், "ஏழேகால் வந்துச்சா?" என்பது டீக்கடைப் பேச்சு. இதை 'தமிழ்நாடு தர மாட்டேங்குது' என்றும் எழுதலாம், 'கேரளா கடலில் விடுது' என்றும் எழுதலாம். எந்தப் பக்கம் எழுதினாலும் கைதட்டு நிச்சயம். நாங்கள் இரண்டு சம்பந்திகளைப் பேசவிட்டோம். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர், மகளை மூலத்தரைக்கு இந்தப் பக்கம் நெல் வயல்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறார்.

"மடையத் திறந்தா எம்மக காடு நனையும்,
அடைச்சு வெச்சா எந்தென்னை பொழைக்கும்,
நடுவுல நிக்கிறேன் சம்பந்தி, எந்தக் கையி வேணும்?"

இந்த மூன்று வரி கிடைத்த பிறகுதான் ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதே பிடிபட்டது. பெயரும் அப்போதே முடிவாகிவிட்டது: ஏழேகால்.

வேகம் ஒரு பெரிய சண்டை. தம்பிக்கு 140 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 140 தட்டு ஓடும் டிராப் பீட்தான் கை வரும், ஹை-ஹேட் சரசரவென்று ஓட வேண்டும் அவனுக்கு. எனக்கு 88. கணக்குப் பார்த்தால் 140-ல் நாலு தட்டு கொண்ட ஒரு பார் 1.7 விநாடியில் முடிந்துவிடும், 88-ல் 2.7 விநாடி. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மும்மூன்றாக அடுக்கி வேகமாகத் துப்பும் பாணியில் முதலில் சாவது நெடில்தான். கொஞ்சம் ஓட்டினால் 'பாடம்' 'படம்' ஆகிவிடும். என்ன பேசுகிறார்கள் என்பதே முக்கியம் என்று தொடங்கிவிட்டு, பேச்சு புரியாமல் போனால் எதற்கு? பாடிக் காட்டினேன். "சரிக்கா, ஆனா பேஸ் என் இஷ்டம்" என்றான். பேஸ் அவன் இஷ்டம்தான்.

எதுகையும் எங்களுக்கு வேலை கொடுத்தது. ஆங்கில ராப்பில் ஒலி ஒத்துவருவது பெரும்பாலும் வரிக் கடைசியில், நாலாவது தட்டில் விழும் ஸ்நேர் டிரம் அடியோடு சேர்ந்து விழும். மடைய, அடைச்சு, நடுவுல என்று நம் எதுகை வரியின் தலையில் வருகிறது. அதைக் கிக் டிரம் விழும் முதல் தட்டில் உட்கார வைத்தால் நாலாவது தட்டு காலியாகிவிடுகிறது. அந்தக் காலி இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது.

வழி காட்டியது பொறாட்டுக்களி. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் விழாக்களில் பாணர் சமூகத்தார் ஆடும் கேலி நாடகம் அது, மலையாளமும் தமிழும் கலந்தே ஓடும். வண்ணான்–வண்ணாத்தி, குறவன்–குறத்தி என்று வேஷங்கள் வரும். மேடையோரத்தில் ஒருவர் கேள்வி கேட்க மட்டுமே நிற்பார், சோத்தியக்காரர். யார் நீ, எங்கேயிருந்து வர்றே, எதுக்கு வந்தே என்று வேஷக்காரரைக் குடைவார். பதில் பாட்டாக வரும். ராப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? பழைய பதிவு ஒன்றிலிருந்து அந்தக் குரலை வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. நான் சோத்தியக்காரராக நிற்கும் பொறாட்டுக்களி ஆசான் ஒருவரைத் தேடிப் போனேன்.

அவர் பாட்டை முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மோளே, நீ எழுதினதில் நான் கேக்கிறதுக்கு எடமே இல்லையே. எல்லாத்துக்கும் நீயே பதில் வெச்சிருக்கே" என்றார். எழுதிக் கொடுத்த கேள்வியைப் பாட மாட்டேன், கேட்டுவிட்டு எனக்கு என்ன தோன்றுகிறதோ அதைத்தான் கேட்பேன் என்றும் சொல்லிவிட்டார். அப்படியே பதிவு செய்தோம். நாலாவது தட்டு அவருக்கு. சில இடத்தில் "அப்புறம்?" என்பார், சில இடத்தில் "அது நேரா?", அதாவது நிஜமா, என்பார். தென்னந்தோப்புக்காரர் ரொம்ப உருகும் ஓர் இடத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை எடுக்கச் சொன்னவர்கள் உண்டு. பாட்டிலேயே நேர்மையான இடம் அதுதான் என்பது என் கட்சி.

இன்னொரு பாட்டு கள்ளைப் பற்றி. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை, இங்கே அது லைசென்ஸ் உள்ள தொழில், சித்தூர்க் கள் மற்ற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. கோபாலபுரத்தில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே பானை குற்றமாகிவிடும். குடி கெடுக்கும் என்று பாட நூறு பேர் இருக்கிறார்கள். நாங்கள் மரமேறுகிறவர் தன் மகனிடம் வேலையைச் சொல்லிக் கொடுப்பதுபோல எழுதினோம். பீட்டுக்கு டிரம் கிட் இல்லை, பாளை தட்டும் சத்தம்தான். சீவுவதற்கு முன்னால் பாளையை எலும்பால் தட்டிப் பதப்படுத்துவார்கள். "அழுத்தித் தட்டினா பாளை செத்துப்போயிருமுங்க அம்மிணி, தூங்குற குழந்தையத் தட்டுற மாதிரி தட்டோணும்" என்றார் எங்களுக்காக ரெக்கார்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிய அண்ணன்.

இறங்கி வந்ததும் போட்டுக் கேட்டால் முழுக்கக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் என்ன பாடு படுத்தும் என்பது இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சுறை போட்ட மைக்கெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. காற்று அடங்கும் மாதம் வரை அந்தப் பாட்டை ஒதுக்கி வைத்தோம். மறுபடி எடுத்தபோது தட்டு சுத்தமாக வந்தது, ஆனால் சீராக இல்லை. தம்பி குவாண்டைஸ் போட்டு ஒவ்வொரு தட்டையும் மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் தள்ளினான், கேட்டால் மெஷின் மாதிரி இருந்தது. கடைசியில் கிக்கை மட்டும் கட்டத்தில் வைத்து, பாளைத் தட்டை அதன் போக்கில் விட்டோம். கொஞ்சம் பின்னால் இழுக்கும், பரவாயில்லை.

தண்ணீருக்காகக் கோகோ கோலா ஆலையை எதிர்த்து நின்ற பிளாச்சிமடை இல்லாமல் சித்தூர் தாலுகாவில் ஆல்பமா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அதில் ஒரு அடைமொழிகூடக் கிடையாது. தண்ணீர் சுமக்கும் ஒரு பெண்மணி பேத்திக்கு வருஷங்களைச் சொல்கிறார், அவ்வளவுதான். 2000-ல் கோகோ கோலா ஆலை. 2002 ஏப்ரல் 22-ல் போராட்டம். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் உயர்மட்டக் குழு சொன்ன இழப்பு 216.26 கோடி ரூபாய். 2011-ல் சட்டசபையில் தீர்ப்பாய மசோதா, அது சட்டமாகவில்லை. பேத்தி, "அப்ப காசு?" என்று கேட்கிறாள். பாட்டு அங்கேயே நின்றுவிடும். கத்தியிருந்தால் வேலை சுலபம். ஆனால் கத்துகிறவரின் குரல்தான் கேட்கிறவர் மனதில் தங்கும், தேதி தங்காது.

இனி ஆல்பம் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் காகித வேலை. நெட்டில் வேறொருவர் செய்த பீட்டை 'லீஸ்', அதாவது வாடகைக்கு, எடுத்தால் மலிவு, ஆனால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்பார்கள், இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று பெரும்பாலும் வரம்பு இருக்கும், பாட்டு யாருடையது என்று அடையாளம் காணும் யூட்யூப் கன்டென்ட் ஐடியில் பதிய உங்களுக்கு உரிமை இருக்காது. நாங்கள் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ததற்கு லட்சியத்தைவிட இதுதான் காரணம். சாம்பிள், அதாவது பிறர் பதிவிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு, விஷயத்தில் அமெரிக்க ராப் குழுவான டி லா சோல் கதை போதும். 1989-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே முறுக்கிக்கொண்டு திரியாத ராப் எப்படி இருக்கும் என்று காட்டியவர்கள், ஆனால் சாம்பிள் அனுமதிச் சிக்கலால் அவர்களுடைய ஆரம்ப ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் வரவே 2023 மார்ச் ஆகிவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் பாடி ஆடுகிறவருக்குத் தனி உரிமை இருக்கிறது, 50 வருஷத்துக்கு. அதனால் ஆசான், மரமேறும் அண்ணன், ஜமாப் மேளம் அடித்த பையன்கள் எல்லோரிடமும் என்ன பதிவு, எதற்குப் பயன்படும், எவ்வளவு பணம், வருமானத்தில் எத்தனை பங்கு என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மலையாளத்தில் வேண்டும் என்றவர்களுக்கு மலையாளத்தில்.

குரல் பதிவு ஓட்டுவீட்டு உள்ளறையில், சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டு, ராத்திரி லாரிகள் குறைந்த பிறகு. விடியப்போகும் நேரம் வரை இழுத்தால் மயில் அகவ ஆரம்பித்துவிடும், அன்றைய வேலை அவ்வளவுதான். மிக்ஸிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சத்தம் ஏற்று ஏற்று என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் சுமார் -14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற சத்த அளவுக்கு இறக்கிவிடும். நசுக்கி ஏற்றினால் மிஞ்சுவது நசுங்கல் மட்டும்.

வெளியீட்டுக்கு விநியோகத் தளம் ஒன்றில் ஏற்ற வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண், மொழி தமிழ் என்று குறிப்பது, எழுதியவர் இசையமைத்தவர் பெயர்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டு உள்ளே இருக்க வேண்டும், மூன்று நாலு வாரம் வைத்துக்கொண்டால் நிம்மதி. எங்கள் பாட்டுகள் ஒரு தளத்தில் அதே பெயருள்ள இன்னொரு கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. அவர் பக்திப் பாட்டுக்காரர். அவருடைய ரசிகர்களில் சிலர் கள் பாட்டைக் கேட்டுவிட்டு என்ன நினைத்தார்களோ. எழுதிப்போட்டுப் பிரித்து வாங்கினோம்.

வெளியீட்டு விழா ஊர் வாயனசாலையில் (நூலகம்), பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்பீக்கர். 'ஏழேகால்' முடிந்ததும் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு பெரியப்பா எழுந்து, "நீ கேரளாக்காரங்களுக்குத்தான் சாதகமா எழுதியிருக்கே கண்ணு" என்றார். மூலத்தரைக்காரர் ஒருவர், "எங்கெ? தென்னைக்காரனுக்குத்தானே நல்ல வரியெல்லாம்" என்றார். அங்கிருந்து பேச்சு ஆழியாறுக்குப் போய், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்காலுக்குப் போய், எங்களை மறந்தேவிட்டார்கள். மீதிப் பாட்டுகளை டீ வந்த பிறகுதான் போட முடிந்தது.

பணம்? ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொட்டால்தான் அதற்குக் காசு. எங்களுடையதில் சில தொட்டன, சில தொடவில்லை. பிளாச்சிமடை தொடவில்லை. கள் தொட்டது. தொட்டவற்றில் வந்ததைத் தாளில் எழுதியபடி பிரித்துக் கொடுத்தோம், சிறிய தொகைதான். பாட்டு எழுதியவர், இசையமைத்தவருக்கு ராயல்டி வாங்கித் தரும் ஐ.பி.ஆர்.எஸ்.-ல் சேரும் வேலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசான் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆல்பத்துக்குப் பங்கு வேண்டாம், கேள்விக்கு இவ்வளவு என்று முன்பணமாகக் கொடுத்துவிடு மோளே என்று சொல்லியிருக்கிறார். தம்பி கேள்விகளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.